பாயைக் கழுவின வாப்பா

சத்வா, துபாய்
12-12-2008

அன்பு மகன் உஸைருக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல, அந்தக் குளிருல நீ சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு அஞ்சு வேளையும் துஆ கேட்டுக்கிட்டிருக்கேன். ஊர்ல உம்மாவுக்கு மூட்டுவலி பழைய மாதிரிதான், உன் லாத்தா நஜீஹாவுக்கு இது அஞ்சாம் மாசம், வாந்தி நின்னுட்டுதாம். பெருநாளைக்கு நீ அனுப்பின எஸ்எம்எஸ் வந்தது. மூணே வார்த்தை, நாலு தடவை படிச்சேன். ஜப்பான்ல இருந்து நான் திரும்பி ஏழு வாரம் ஆகுது, ஏன் போன் பண்ணலன்னு உன்னைக் கேக்க எனக்கு வாய் இல்ல, அதான் பேனாவை எடுத்தேன்.

பத்தொன்பது வருஷம் ஆளில்லாமக் கிடந்த மரவீட்டை அந்த மலைக்கிராமத்துல வாங்கிட்டேன்னு நீ சொன்னப்ப நான் பேசின பேச்சை நினைச்சா இப்ப எனக்கே கூசுது. நம்மூர்ல வீடுங்கிறது பொம்பளப் பிள்ளைக்கு, ஆம்பள பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் பொண்டாட்டி வீட்டுக்குப் போறவன், உனக்கு எதுக்குடா வீடுன்னு கத்தினேன். கடைக்குப் பட்டன், ஜிப்பு வாங்க வர்ற டெய்லர் ஒருத்தன் விடாம, பேயே காலி பண்ணிட்டுப் போன வீட்டை என் மகன் வாங்கியிருக்கான்னு சொல்லிச் சிரிச்சேன். அப்புறம் நீ டிக்கெட் அனுப்பினதும் வெக்கமில்லாம ஏறி வந்தேன். வந்து பார்த்தா நீ கார் யார்டுல டூட்டி முடிச்சுட்டு வந்து ஓடு மாத்துறே, கரையான் தின்ன உத்தரத்தை வெட்டிப் புது மரம் பொருத்துறே, அந்த ஊர் வழக்கப்படி கதவுச் சட்டத்துக்கெல்லாம் காகிதம் ஒட்டுறே. நான் ஏணியைப் பிடிச்சேன், அதையும் கோணலாப் பிடிச்சேன்.

மூணாம் நாள் சட்டை மாட்ட இடம் கேட்டேன். நீ சுத்தியலைக் கையில குடுத்து, எங்க வேணும்னாலும் ஆணி அடிங்க வாப்பான்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டே. அந்த ஒரு சொல்லுதான் என் புத்தியைக் கெடுத்தது. முப்பத்தோரு வருஷம் துபாய் ரூம்ல கட்டிலும் அதுக்கடியில பெட்டியும்தான் எனக்கு, ஆணி அடிச்சா வாட்ச்மேன் வந்து நிப்பான். அன்னைக்கு வெள்ளிக்கிழமை வேற, ரூம்ல வெள்ளிக்கிழமைன்னா தரை கழுவுற டூட்டி என்னுது. வீட்டுக்காரன் மாதிரி ஒரு நாள் இருந்து பார்க்கலாம்னு ஒரு ஆசை வந்து, வாளியை எடுத்தேன். உன் வீட்டுல தரையே பாய்தான், பதினெட்டுப் பாய், நாலு விரல் கனம், உள்ள வைக்கோல், எல்லாம் நீ புதுசா வாங்கிப் போட்டது. சோப்புத்தூளைத் தூவி வாளி வாளியா ஊத்தித் துடைப்பத்தால தேய்ச்சேன். ஊத்தின தண்ணி ஒண்ணும் திரும்பி வரல. சத்வா ரூம் மாதிரி மூலையில ஓட்டை இருக்கும்னு சுத்திச் சுத்தித் தேடினேன், கிடைக்கல, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா நானே ஒண்ணு போட்டிருப்பேன்.

பக்கத்து வீட்டு நாகாமுரா வாசல்ல தண்ணி சொட்டுறதைப் பார்த்துட்டு அஞ்சு வீட்டு ஆளுங்களைக் கூட்டியாந்தார். ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை சொல்லல. பாயெல்லாம் தூக்கி வெயில்ல சாத்தி வச்சாங்க, அவர் சம்சாரம் எனக்கு டீ குடுத்துக் குனிஞ்சு வணக்கம் வேற சொன்னாங்க. அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். பதினோரு பாய் ஊறி உப்பிப் போச்சு. சாயங்காலம் நீ வந்து பார்த்துட்டு, பரவாயில்ல வாப்பான்னு சொன்னே, அதுக்கப்புறம் நான் விமானம் ஏறுற வரைக்கும் அதிகமாப் பேசல. அந்தப் பரவாயில்லையைத்தான் ஏழு வாரமா மென்னுக்கிட்டிருக்கேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க பில்டிங்கை இடிக்கப் போறாங்க, கதவுல சிவப்புப் பெயிண்டால நம்பர் போட்டுட்டாங்க. கீழ கடை, மேல ரூம், ரெண்டும் கலாஸ், முடிஞ்சுது. ரூம்ல கூட இருக்கிற செய்கு அலாவுதீன், பேயில்லாத வீடு ஒண்ணு இருக்கே, அங்க போயேன்னு கிண்டல் பண்றான், நான் சிரிச்ச சிரிப்பு எனக்கே திரும்பி வருது. உம்மா ஊருக்கு வந்துருங்கன்னு சொல்றா. போகலாம், ஆனா அங்க நான் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா லீவுல வர்ற விருந்தாளி, ஸ்பூன் எங்க இருக்குன்னு கேட்டுத்தான் எடுக்கணும், வீடும் இப்ப லாத்தாவுக்கு எழுதியாச்சு, மருமகன் முன்னாடி தும்முறதுக்கே யோசிக்கிறேன். அதனால உன்கிட்ட கேக்குறேன் மகனே. விசா எத்தனை நாள் தர்றாங்களோ அத்தனை நாள் நான் உன் வீட்டுல வந்து இருக்கட்டுமா? எனக்கு ஒரு வேலையும் தெரியாது, ஆனா சொன்னதைச் செய்வேன், சொல்லாததைச் செய்ய மாட்டேன். உம்மாகிட்ட இன்னும் இதைச் சொல்லல. வரலாம்னா ஒரு வார்த்தை சொல்லு. வேணாம்னா போன் பண்ண வேணாம், நான் புரிஞ்சுக்குவேன். இல்ல, வேணாம்னாலும் பண்ணு.

மண்ணெண்ணெய் ஹீட்டரைப் போட்டுட்டுக் கதவை முழுசா அடைச்சுப் படுக்காதே. தொழுகையை விடாதே. ஈரத்தலையோட வெளிய போகாதே. அல்லாஹ் உன் கைவேலைக்கு பரக்கத் தருவான், உன் கூரையை உன் தலைக்கு மேல நிலைக்க வைப்பான், ஆமீன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
சதக்கத்துல்லா

பி.கு: பதில் கடிதம் போடறதா இருந்தா, இந்த விலாசம் ஜனவரி கடைசி வரைக்கும்தான்.