சுவரைக் கழுவாதே

அன்புள்ள அம்மா,

இருமல் எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று மட்டும் எழுதாதே, கெட்ட கோபம் வரும். கார்டிஃபில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இன்று ஃபோனை உடைக்காமல் வைத்ததுதான் பெரிய விஷயம்.

எங்கள் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு எம்லின் என்றொரு பெரியவர் ஃபோன் செய்தார். வீட்டுவசதிச் சங்கத்து வாடகை வீடு. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை, மனைவிக்கு மூச்சிரைப்பு. முதலில் சங்கத்திடமே புகார் செய்ய வேண்டும், அங்கே தீராவிட்டால்தான் நாங்கள் தலையிடலாம். அதையும் முறையாகச் செய்திருக்கிறார். சங்கத்து ஆள் வந்து பார்த்துவிட்டு, பூஞ்சையே இல்லை என்று எழுதிவிட்டான்.

"எப்படிங்கய்யா அவன் கண்ணுல படாமப் போச்சு?"

"வீட்டுக்கு ஒருத்தர் வர்றப்ப அப்படியே போட்டு வைக்க முடியுமாம்மா? முந்தின நாளே பிளீச் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டேன். டீயும் கேக்கும் குடுத்தேன். நல்லாச் சாப்பிட்டாரு."

சாப்பிட்டானாம்! பிளீச் நாற்றத்தில் உட்கார்ந்து கேக் தின்றவனுக்கு மூக்கு எங்கே போயிற்று? அந்த அம்மாளுக்கு மூச்சிரைத்தது காதில் விழவில்லையா? புகாரைப் பதிந்துவிட்டேன். சும்மா விடப்போவதில்லை.

உன் படுக்கையறைச் சுவர்ப் பூஞ்சையைப் பார்க்க வியாழக்கிழமை உங்கள் சங்கத்து ஆள் வருகிறான் என்று எழுதியிருந்தாய். உன்னை எனக்குத் தெரியாதா? வாளியும் பிரஷும் இப்போதே தயாராக இருக்கும். தொடாதே! நாளைக்கு உன் புகார் இங்கே வந்தால், மகள் என்பதால் நான் அதைக் கையில் எடுக்கவே முடியாது.

பஸ் வந்துவிட்டது. அவனுக்காகச் சுடும் கேக்கை எனக்கு அனுப்பு. இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத்தான் டீ குடிக்கிறேன்.

அவனுக்கு அந்தச் சுவர் போதும்.

உன் மேரெட்