நுணாக்குடி திடலில் புதைந்துள்ள பழஞ்சிப்பிகளைக் காக்க வேண்டி

அனுப்புநர்:
இரா. காத்தாயி,
க/பெ. இராஜாங்கம்,
தெற்குத் தெரு, நுணாக்குடி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவாரூர்.

பொருள்: ஊர்த் திடலில் மண் அள்ளுவதை நிறுத்தி, தொல்லியல் ஆய்வு நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அம்மா அவர்களுக்கு வணக்கம்.

முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். கடந்த சித்திரையில் எங்கள் வயலில் பண்ணைக்குட்டை வெட்டியபோது, அடிமண்ணில் துளையிட்ட கடற்சிப்பி ஒன்று என் கையில் கிடைத்தது. வெளியே சொன்னால் நிலம் போய்விடும் என்று ஊரில் சிலர் பயமுறுத்தினார்கள். பயந்துகொண்டேதான் தங்களிடம் தெரிவித்தோம். தாங்கள் தொல்லியல் அலுவலர் திருமதி சுடர்விழி அவர்களை அனுப்பிவைத்தீர்கள்.

அவர் வரப்பிலேயே உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்துச் சிப்பியைப் பார்க்கச் சொன்னார். துளையின் ஓரம் கயிறு உராய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. உட்புறம் செங்காவி ஒட்டியிருந்தது. ஆதிமனிதர் அணிந்ததாக இருக்கலாம் என்றார். குகைச் சுவரில் ஓவியம் வரைந்தவர்களும் இதுபோன்ற காவியைத்தான் குழைத்தார்களாம். கழுத்தில் சிப்பி அணிந்த ஆசையும் பாறையில் மானை வரைந்த ஆசையும் ஒரே மனதில் பிறந்திருக்கலாம் என்று அவர் விளக்கினார். எங்களிடம் எந்த அலுவலரும் இப்படி உட்கார்ந்து பேசியதில்லை. ஆய்வு முடிந்ததும், நிலத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்ன சொல் தவறாமல் ஆய்வுக் குழியை மூடி, மேல்மண்ணை மேலேயே பரப்பி, சம்பா நடவுக்கு முன் நிலத்தை ஒப்படைத்தார். இப்போது பயிர் பச்சைபிடித்து நிற்கிறது.

எங்கள் குறை இதுதான். வயலை ஒட்டிய புறம்போக்குத் திடலையும் ஆய்வு செய்ய வேண்டும் என்று அவர் சொல்லிச் சென்றார். அந்தத் திடலைத் தனியார் ஒருவர் பொக்லைன் வைத்து வெட்டுகிறார். நேற்றுக் காலை லாரியில் ஏற்றிய மண்ணில் சிப்பித் துண்டுகளைக் கண்டு, நான் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். "இதுல என்னம்மா, தங்கமா இருக்கு?" என்று ஓட்டுநர் கேட்டார். "தங்கம் இல்ல தம்பி, ஒரு மனுஷன் கழுத்துல கிடந்ததா இருக்கும்" என்றேன். அவர் இறங்கி வந்து பார்த்தார். ஒரு துண்டைத் தாமே பொறுக்கி என்னிடம் தந்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்தினார். அவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். ஆனால் நாளை வேறு ஓட்டுநர் வருகிறாராம்.

ஆகவே, மண் அள்ளுவதை உடனே நிறுத்தவும், திருமதி சுடர்விழி அவர்களை மீண்டும் அனுப்பிவைக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். அவர் வரும்வரை நானும் என் கணவரும் மாறி மாறித் திடலில் காவல் இருக்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
இரா. காத்தாயி

இடம்: நுணாக்குடி
நாள்: 16.10.2024