ஒலிநாடாவில் அம்மா

அன்பு மனைவி ரிஸ்தென்,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இந்தப் பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் போயிற்று. ஆனாலும் பள்ளிக்கூடமே போகாத நான் எழுபத்திரண்டு வயதில் என் கையாலேயே எழுதுகிறேன், பார். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ரொம்சா நகரத்து மொழி ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பேசுவதுதான் வேலை. நம் மொழியில் மீனைக் 'குஒல்லி' என்கிறோம். 'மீனின்' என்னும்போது நடு ஒலி மெலிந்து 'குஒலி' ஆகிறதே, அந்த மெலிவைக் கருவியால் அளக்கிறார்கள். நான் சொன்னால் கோடு அழகாக விழுகிறதாம்.

செவ்வாயன்று ஆய்வாளர் தோருன் பெயர் எழுதாத பழைய ஒலிநாடா ஒன்றைப் போட்டாள். பேசியது என் அம்மா. அரசாங்க விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை பிடிக்க ஆட்கள் வந்தபோது, பிரிய மனமில்லாமல் என்னை மான்தோலுக்கு அடியில் ஒளித்துவைத்தாள் என்று எல்லோரிடமும் சொல்வேனே, அதைப் பற்றித்தான் நாடாவில் யாரோ அவளிடம் கேட்டார்கள்.

அம்மா சிரித்தாள். "பாசமாவது ஒண்ணாவது. அஸ்லத் கெட்டிக்காரன், அவனை அனுப்பிட்டேன். இந்த யொவ்ன்னா மண்டு. அங்க போனா குடும்பத்துப் பேரையே கெடுப்பான். கலைமான் மேய்க்க இது போதும்."

தோருன் கருவியில் விழுந்த கோட்டை மட்டுமே பார்த்தாள். "எப்படி மெலியுது பாருங்க தாத்தா. அந்தக் கடைசி வரியையே நீங்களும் சொல்லுங்க, ஒப்பிட்டுப் பார்க்கணும்."

மூன்று முறை சொன்னேன். மூன்றாவதுதான் அச்சு அசலாக இருக்கிறது என்று பாராட்டினாள்.

குளிருக்குக் காலணிக்குள் வைக்கப் புல்லும் கொஞ்சம் உலர்ந்த கறியும் அனுப்பு. அஸ்லத் அண்ணனிடம் இதைப் படித்துக்காட்டாதே. நான் அந்தக் கதையைத் தொடங்கினாலே அவன் எழுந்து வெளியே போய்விடுவான். அவனுக்கு முன்பே தெரியுமா என்று மட்டும் கேட்டு எழுது. உன் பதிலைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.

யொவ்ன்னா