பாலத்தில் இப்போது நெரிசல் இல்லை

மார்ச் 4, திங்கள்

பேச ஆள் இருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவள் நான். மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்ட எழுத்து இது. கோணல்மாணலாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

இன்றுமுதல் புது நேரம். ஆற்றுப் பாலத்தில் நெரிசல் தாங்கவில்லையாம். சுற்றுவட்டாரத்து அதிகாரிகள் எல்லாரும் கூடித் திட்டம் போட்டுவிட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வேலைக்குக் கிளம்பக்கூடாது. என் வீட்டுக்காரர் வேலை செய்கிற பிஸ்கட் கம்பெனி விடிவதற்கு முன்னால். மகள் வேலை செய்கிற ஜெராக்ஸ் கடை காலையில். நான் துணி துவைக்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் மத்தியானத்துக்கு மேல்.

இனி நான் வீடு வரும்போது அவர் தூங்கியிருப்பார். நான் எழுந்திருக்கும்போது அவர் கிளம்பிப் போயிருப்பார். முதல் மாதம் வார லீவும் கிடையாதாம், பிறகு சேர்த்துத் தருவார்களாம். யாரைக் கேட்டு? யாரைக் கேட்டுப் போட்டீங்க இந்தத் திட்டத்தை?

மார்ச் 5, செவ்வாய்

நேற்று சொல்ல வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். என் புத்தியே அப்படித்தான்.

முன்பு மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே பஸ்ஸில் திரும்புவோம். பாலத்தில் நின்றால் நின்றதுதான். எல்லாரும் திட்டுவார்கள். நான் திட்டியதே இல்லை. வீட்டில் எனக்கு அடுப்பு, அவருக்கு டிவி, மகளுக்குப் போன். பாலத்தில்தான் மனுஷன் எங்கேயும் ஓட முடியாது. நான் சொல்லச் சொல்லக் கேட்பார். நல்ல இடம் வந்தால் சிரிக்கக்கூடச் செய்வார். பேச்சு என்று எங்கள் குடும்பத்தில் நடந்ததெல்லாம் அந்தப் பாலத்தின் மேல்தான்.

கடைசி நாள் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிப் போர்வை மூட்டையைப் பிரித்தால் உள்ளே ஒரு பல் செட்டு. கழுவி எடுத்துக்கொண்டு ஆண்கள் வார்டுக்குப் போனேன். பல்லில்லாத மூன்று பெரியவர்கள், மூன்று பேரும் "என்னுது" என்கிறார்கள். ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தால் யாருக்கும் பொருந்தவில்லை. அப்போது எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்...

அதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது. "மீதிய நாளைக்குச் சொல்லு" என்றார். எந்த நாளைக்கு? முடிவை இங்கே எழுத மாட்டேன். அவர் கேட்காததை இந்த நோட்டு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

மார்ச் 8, வெள்ளி

சூப்பர்வைசரிடம் காலை ஷிப்ட் கேட்டேன். அந்த அம்மாவுக்கு நாங்கள் வைத்த பேர் கடிகாரம்.

"ஒருத்திக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க. மேல இருந்து வந்த உத்தரவு."

"மேலன்னா எங்கம்மா? கூரையிலயா?"

"வாய் உனக்கு மட்டும் குறையவே குறையாது. போய் மூட்டையப் பிரி."

பிரித்தேன். அந்த மூட்டை என்னிடம் பட்ட பாடு!

மார்ச் 9, சனி

மத்தியானம் வேலைக்குப் போகையில் எதிரே அவர் பஸ் வந்தது. ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தார். கை தூக்குவதற்குள் தாண்டிவிட்டது. முன்பெல்லாம் எதிர் பஸ்ஸில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம். இப்போது பாலம் வழுக்கிக்கொண்டு போகிறது. நாசமாய்ப் போக.

மார்ச் 12, செவ்வாய்

மகளுக்கு பஸ் ஓட்டுகிற பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது! திட்டத்துக்காகப் புது பஸ்கள் விடுகிறார்களாம், பெண்களையும் எடுக்கிறார்களாம். ஆறு மாதம் வேறு ஊரில் தங்க வேண்டும். அடுத்த வாரம் வெள்ளி, இருபத்திரண்டாம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும்.

நேற்றுச் சாயங்காலம் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். "இப்ப வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

"நீ கெளம்பு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"அப்பா வாயால சரின்னு வரணும்மா. இல்லன்னா போக மாட்டேன்."

சின்ன வயதில் குடத்து வாயைப் பிடித்து ஸ்டியரிங் என்று சுற்றியவள் இவள். அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒற்றை வார்த்தை. சண்டை போடலாம் என்றால் ஆள் குறட்டை விடுகிறார். எழுப்பவும் மனசு வரவில்லை. மாவு அரைக்கிற மெஷினில் கையை வைக்கிற மனுஷன், தூக்கம் கெட்டு ஏதாவது ஆகிவிட்டால்? காலையில் போன் செய்தால் "ம்." மறுபடி செய்தால் "மெஷின் ஓடுது." சண்டை போடக்கூட நேரம் ஒதுக்காத திட்டம் என்ன திட்டம்யா இது!

மார்ச் 15, வெள்ளி

பேப்பரில் படம். காலிப் பாலம். அதன் மேல் அதிகாரிகள் நின்று சிரிக்கிறார்கள். சிரிக்காமல் என்ன? அவர்கள் வீட்டில் சாயங்காலம் எல்லாரும் இருப்பார்கள்.

மார்ச் 18, திங்கள்

மகள் பெட்டியை எடுத்துத் துடைத்தாள். திரும்பப் பரண்மேல் வைத்துவிட்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மார்ச் 20, புதன்

தூங்குவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

இன்றைக்குப் பாலம் அடைத்துக்கொண்டது! புதுத் திட்டத்தின் அறிவிப்புப் பலகைகளை ஏற்றி வந்த லாரி, பாலத்துக்கு நடுவிலேயே அச்சு முறிந்து நின்றுவிட்டது. 'நெரிசல் இல்லாத பயணம்' என்று எழுதின பலகைகள். நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

என் பஸ் ஊர்ந்து ஊர்ந்து நின்றது. ஜன்னலுக்கு எதிரே இன்னொரு ஜன்னல். அதில் அவர், வழக்கம்போலத் தூக்கம். எட்டி அவர் தோளைத் தட்டினேன்.

"நீயா? இங்க என்ன பண்ற?"

"ஆத்துல மீன் புடிக்கிறேன். நாளான்னிக்குக் கடைசி நாள். பொண்ணுக்கு என்ன பதில்?"

"வீட்ல பேசிக்கலாம்."

"எந்த வீட்ல? நீங்க முழிச்சிருக்கிற வீட்ல நான் இல்ல. நான் முழிச்சிருக்கிற வீட்ல நீங்க இல்ல. இங்கயே சொல்லுங்க."

இரண்டு பஸ்ஸிலும் ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். என் பின்சீட்டுப் பெண், "விடாதக்கா, கேளு" என்றாள். அந்தப் பக்கமிருந்து ஒரு பெரியவர், "அவரக் கொஞ்சம் யோசிக்க விடும்மா" என்றார்.

"ஒம்பது நாளா யோசிக்கிறாரு, நீங்க சும்மா இருங்க பெரியவரே. ஏங்க, பொட்டப்புள்ள பஸ் ஓட்டக்கூடாதா?"

"நான் எப்பச் சொன்னேன் அப்படி?"

"பின்ன எதுக்கு வேணாம்னீங்க?"

ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டு சொன்னார். எல்லாருக்கும் கேட்டது.

"தெனமும் பூட்டின வீட்டுக்குத்தான் போறேன். சாயங்காலம் அவ வருவா. டீ போட்டுக் குடுப்பா. வீட்ல நான் பாக்குற மொகம் அது ஒண்ணுதான். அவளும் போயிட்டா நான் செவுத்தோடவா பேசுவேன்?"

பேசாத மனுஷன் கேட்கிற கேள்வியா இது! வேறு நாளாக இருந்தால் கேலி செய்திருப்பேன். பதினாறு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபம், சண்டை, வசவு எதையும் இவர்மேல் கொட்ட மனசு வரவில்லை. கோபம் போகவில்லை. அது போய்ச் சேர வேண்டிய ஆள்தான் மாறிப்போனது. இவரைத் திட்டி என்ன செய்ய?

லாரியை ஓரம் தள்ளிவிட்டார்கள். பஸ்கள் நகர்ந்தன. அவர் எழுந்து ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார்.

"போகச் சொல்லு! அவளப் போகச் சொல்லு!"

"மொதல்ல தலைய உள்ள எடுங்கண்ணே!" என்று அவருடைய டிரைவர் கத்தினார்.

மார்ச் 21, வியாழன்

காலையில் மகள் கிளம்பிவிட்டாள். முந்தின நாள் சாயங்காலமே அப்பா பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்து, "பிரேக்க நல்லாப் பாத்துக்க" என்றாராம். அவ்வளவுதான் புத்திமதி.

மார்ச் 23, சனி

வீடு ஓவென்று இருக்கிறது. இப்போது அவருக்குப் பார்க்க எந்த முகமும் இல்லை. அதிகாரிகளே, பாலம் நன்றாக இருக்கிறதா?

மார்ச் 26, செவ்வாய்

வேலை முடிந்து வரும்போது வீட்டில் விளக்கு எரிந்தது. என்னவோ ஏதோ என்று ஓடிவந்தேன். இரண்டு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒடம்பு சரியில்லையா?"

"வந்ததும் மத்தியானமே படுத்துத் தூங்கிட்டேன். இனிமே அப்படித்தான்." என் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "பின்னால இருமினது யாரு?" என்றார்.

திட்டத்தை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பெரிய டாக்டர்தான் என்று சொன்னேன். இரண்டு நாளாக அந்த டாக்டர் வாயே திறக்காமல் இருந்தார், கோபமாக்கும் என்று வார்டே நடுங்கிக்கொண்டிருந்தது. பல்லைத் தொலைத்துவிட்டுத்தான் அந்த மௌனம்.

சிரித்தார். புரையேறுகிற வரைக்கும் சிரித்தார். அப்புறம் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ரெண்டு நாளும் அந்தாளு என்னத்தத் தின்னாரு?" என்று கேட்டார்.

அது தனிக் கதை. அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.