தொண்டைக்குப் போகும் நரம்பு

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நானும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, முக்கால்வாசி நலம் என்று வைத்துக்கொள். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். மெசேஜில் எழுதிப் பார்த்தேன், நாலு வரியில் படித்தால் பயந்துபோவாய் என்று அழித்துவிட்டேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உன்மேல் கோபம் இல்லை. அன்றைக்கு நீ கூப்பிட்டு இந்த வருஷமும் லீவு கிடைக்கவில்லை, வரமுடியாது என்றபோது நான் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பரவாயில்லைடி, உடம்பைப் பார்த்துக்கோ என்று வாயைத் திறந்து சொன்னேன், மூச்சு மட்டும்தான் வந்தது. நீ அம்மா அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தாய், அப்புறம் ஆரம்பிச்சுட்டியா, சரி, கோபம் தணிஞ்சதும் நீயே கூப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டாய். உன்னைக் குறை சொல்ல மாட்டேன். நம் வீட்டில் நான் கத்தினால் யாரும் பயந்ததில்லை, வாயை மூடினால்தான் நீயும் அப்பாவும் ஆளுக்கொரு மூலையில் ஒளிவீர்கள். அவர் இருந்திருந்தால் போனை வாங்கி விவரம் சொல்லியிருப்பார்.

விஷயம் இதுதான். ஒரு காய்ச்சல் வந்து போனது, அதோடு குரலும் போனது. தொண்டை கட்டியிருக்கிறது, வெந்நீரில் கொப்பளித்தால் சரியாகிவிடும் என்று அசட்டையாக இருந்தேன். பேருந்து நிலையத்தில் மைக்கைப் பிடித்தால் வெறும் இரைச்சல், டிரைவர்கள் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று ஆள் அனுப்பினார்கள். இப்போது என் நாற்காலியில் டிக்கெட் கவுன்டர் பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஊர்ப் பெயர்களை எல்லாம் மென்று விழுங்குகிறாள், ஆனாலும் பஸ் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இத்தனை வருஷம் அந்தக் கண்ணாடி அறைக்குள்ளிருந்து அறிவித்ததில் என் குரல் எல்லாருக்கும் தெரியும், முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஒருநாள் போய் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தேன். எந்த பஸ்ஸுக்கும்மா என்று கேட்டார் ஒரு கண்டக்டர், மைக்கில் தினமும் என்னிடம் திட்டு வாங்குகிறவர். அன்றைக்கு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண்களில் இடது பக்கத்து நாண் அசையவே இல்லை என்றார். கோளாறு தொண்டையில் இல்லையாம், தொண்டைக்குச் சேதி கொண்டுபோகிற நரம்பிலாம். அது மூளையின் அடியில் புறப்பட்டு, மண்டையோட்டில் ஒரு துவாரம் வழியாக வெளியே வந்து, கழுத்தில் இறங்கி, நெஞ்சுவரை போய்விட்டுத் திரும்ப மேலே ஏறித் தொண்டைக்கு வருகிறதாம். பக்கத்துத் தெருவுக்குப் போக ஊரையே சுற்றுகிற நம் டவுன் பஸ் மாதிரி. வழியில் கட்டி ஏதாவது அழுத்துகிறதா, நரம்பே அறுந்துவிட்டதா என்று பார்க்க எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். கட்டி என்று காதில் விழுந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. யாரிடம் சொல்லி அழுவது, சொல்லத்தான் குரலும் இல்லையே.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ், கூட யாரு வந்திருக்காங்க என்றாள். யாருமில்லை என்று கையை விரித்தேன். காது கேட்காதவள் என்று நினைத்துக்கொண்டு, உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று அடுத்த கேள்வியை உரக்கக் கேட்டாள். தோட்டையும் வளையலையும் கழற்றிக் கொடுத்தேன். தலைமேல் ஒரு கூண்டை மாட்டி, அவசரம் என்றால் அமுக்கக் கையில் ஒரு ரப்பர் பந்தையும் கொடுத்துக் குழாய்க்குள் தள்ளினார்கள். அசையக் கூடாது, கழுத்தைப் படமெடுக்கும்போது எச்சில்கூட விழுங்கக் கூடாது. டமடமவென்று ஒரே இடி. நடுவில் சத்தம் நின்றபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து படமெடுக்கிற பெண் மைக்கில், நல்லா இருக்கீங்களாம்மா என்றாள். நல்லா இருக்கேன் என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னேன். போனில் உன்னிடம் பட்ட பாட்டை அங்கேயும் பட்டு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, தலை அசையுமே என்று அடக்கிக்கொண்டேன். அவள் எழுந்து உள்ளே வந்தாள். உங்களுக்குப் பேச வராதுல்ல, மறந்தே போயிட்டேன், நான் கேட்டா கால் கட்டைவிரலை ஆட்டுங்க போதும் என்றாள். அப்புறம் ஒவ்வொரு இடைவெளியிலும் கேட்டாள், நானும் ஆட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் சொன்னது ஒருத்திக்குப் புரிந்தது. பழுதுபட்ட நரம்பு பளிச்சென்று தெரிவதற்காகக் கையில் ஒரு மருந்தை ஏற்றி மறுபடி எடுத்தார்கள்.

கட்டி இல்லை. அறுபடவும் இல்லை. துவாரத்தைத் தாண்டி வருகிற இடத்தில் நரம்பு வீங்கியிருக்கிறது, காய்ச்சலின் வேலையாக இருக்கும் என்று டாக்டர் படத்தில் தொட்டுக் காட்டினார். அதனால் நீ பதறி டிக்கெட் எதுவும் போடவேண்டாம். குரல் திரும்ப வருமா என்று எழுதிக் கேட்டேன். நரம்பு எப்படி இருக்குன்னுதான் படம் காட்டும்மா, என்னைக்கு வேலை செய்யும்னு காட்டாது, மாசக்கணக்காகலாம், வராமலும் போகலாம் என்றார். மழுப்பாமல் சொன்னாரே, அதுவரைக்கும் நல்லது. தண்ணீரை மட்டும் மோவாயைத் தாழ்த்தி மெதுவாகக் குடிக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் புரையேறுகிறது. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்களே, நீதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி நானே கூப்பிடலாம், எண்ணை அழுத்த விரல் இருக்கிறது. நீ எடுத்ததும் என்ன செய்வேன்? வீடியோவும் வேண்டாம், நான் வெறும் வாயை அசைப்பதைப் பார்த்து நீ அழுவாய், உன்னைப் பார்த்து நான் அழுவேன். அதனால் நீயே கூப்பிடு. ஆபீஸ் வம்பு, மாப்பிள்ளையோடு போட்ட சண்டை, என்ன சமைத்தாய், எதையாவது பேசு. வீட்டில் டிவியைத் தவிர வேறு குரல் கேட்டு ரொம்ப நாளாகிறது.

ஈரத்தலையோடு குளிரில் வெளியே போகாதே. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் வாழ வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. கூப்பிடும்போது இந்தப் பக்கமிருந்து உனக்கு ஒன்றும் கேட்காது. வைத்துவிடாதே, நான் இருக்கிறேன்.

உன் வாயாடி
அம்மா