ஒரே அளவில் இரண்டு பட்டன்

ஜூன் 4

என் வாயாடிக்கு,

நலம். உன் அக்கா வீட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இருவரும் அழுகிறோம், அதனால்தான் கடிதம்.

பல் டாக்டரின் இணையதளம் முடிந்தது. போன் நம்பர் மின்னி மின்னி அணைய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "டாக்டர், இது ஆஸ்பத்திரியா, சர்க்கஸா?" என்று கேட்டுவிட்டேன். நீ இருந்திருந்தால் நயமாகச் சொல்லியிருப்பாய்.

கிரேக்கர்களின் பழைய பேச்சுக்கலையை நீ படித்துச் சொல்வாய், நான் அதன்படி இணையப் பக்கம் கட்டுவேன். முதலில் பேசுகிறவன்மேல் நம்பிக்கை, அடுத்து நியாயம், கடைசியில் மனசைத் தொடுவது. அதே வரிசையில் உனக்கு மட்டும் ஒரு பக்கம் செய்திருக்கிறேன். முகவரி பின்புறம் இருக்கிறது. பார்த்துவிட்டு வந்துவிடு. பாப்பா செத்துப்போன வீட்டில் என்னால் தனியாக இருக்க முடியவில்லை.

உன்,
வாயில்லாப் பூச்சி

ஜூன் 11

அன்புள்ள என்னவருக்கு,

பார்த்தேன். மேலே, நம் வீட்டில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்த படம். ஆளை நம்பலாமாக்கும்! அடுத்து வக்கீல் மாதிரி நியாயங்கள். சிரிப்புக்கூட வந்தது. இன்னும் கீழே போனால் பாப்பா. முன்பல் விழுந்த சிரிப்பு. அவளுக்கு அடியில் பச்சையாக 'வரேன்' என்று ஒரு பட்டன். 'வரலை' என்று சொல்ல இடமே இல்லை.

பல் டாக்டருக்காகச் சிரிக்கிற குழந்தை படம் தேடுவோமே, அந்த இடத்தில் நம் பிள்ளையை வைக்க உங்களுக்கு எப்படிங்க மனசு வந்தது? பின்னால் நின்ற அக்கா, "அடப்பாவி மனுஷா!" என்றாள்.

ஆளை வசப்படுத்த மட்டுமே பேசுகிற பேச்சு, உடம்புக்கு ஆகுமா என்று பார்க்காமல் நாக்குக்குச் சமைப்பது மாதிரி என்று அதே கிரேக்கத்தில் ஒரு ஞானி சண்டை போட்டார். அதையும்தான் உங்களுக்குப் படித்துக் காட்டினேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

ஜூன் 17

வாயாடி,

படத்தை எடுத்துவிட்டேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தப் படத்தை வைக்கும்போது நான் அழவில்லை. அவள் பார்வை பட்டன் பக்கம் இருக்கிற படமாகப் பார்த்துத் தேடினேன். பெற்றவன் செய்கிற காரியமா இது? நீ திட்டிய பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது அந்தப் பக்கத்தில் 'வர்றியா?' என்ற கேள்வி மட்டும் இருக்கிறது. கீழே 'வரேன்', 'வரலை'. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். வேறு எதுவும் வைக்கவில்லை. உனக்குத் தோன்றுவதை அழுத்து.

நான்

ஜூலை 2

உங்களுக்கு,

பல நாள் திறந்து திறந்து மூடினேன். நீங்கள் செய்ததிலேயே நல்ல பக்கம் இதுதான். எதையும் என் தலையில் கட்டாமல், வெறுமனே என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் பயப்படாமல் உண்மையைச் சொல்ல முடிந்தது.

இன்று காலை அழுத்திவிட்டேன். 'வரலை.'

உங்கள்மேல் கோபம் இல்லை. அழுதுகொண்டேதான் அழுத்தினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.