கோழிக்கு வாங்கிய பொடி

ஆண்டர்சன்பேட்டை,
19-9-1999

அன்பு மகள் ஸ்வப்னாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், நீயும் பூனாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். தாத்தா நலமில்லை. நர்ஸிங் படிக்கிறவளிடம் மறைத்துப் பிரயோசனம் இல்லை, அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். சுரங்கத்தில் டிரில் பிடித்த காலத்தில் ஏறிய தூசி, நுரையீரல் கல்லாகிவிட்டது, இனி மருந்துக்கு வேலை இல்லை, கேட்பதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில் பேத்தமங்களா ரோட்டுக் கோழி ஷெட்டில் நடந்ததையும் கேள். தீவனத்தில் மெத்தியோனின் என்று ஒரு வெள்ளைப் பொடி சேர்க்கிறேன். மக்காச்சோளத்திலும் சோயாவிலும் போதாத சத்து அது, அது இருந்தால்தான் குஞ்சு தின்பது சதையாகும். எனக்கு ஃபாக்டரி ஷிப்ட் இருப்பதால் பொடியை அளந்து பொட்டலம் கட்டி வைத்துவிடுவேன், தாத்தா உட்கார்ந்தபடியே கலப்பார். தூசி ஆகாது, படுங்கள் என்றால் கேட்கிற ஆளா அவர். போன பேட்ச் நன்றாக எடை ஏறியது. இந்த பேட்ச் ஏறவே இல்லை, இறகு சரியாக முளைக்காமல் ஒன்றை ஒன்று கொத்திப் பிடுங்கி, தினமும் செத்ததைப் பொறுக்கிப் புதைக்கிற வேலையாகிவிட்டது. பொடியில் கலப்படம் என்று முடிவுகட்டி ராபர்ட்சன்பேட்டையில் தீவனக் கடை நாகேஷை நாலு பேர் முன்னால் திட்டினேன். அவன் அசரவில்லை. "இன்னா சார், ஃபாக்டரில அல்லாத்தையும் டெஸ்ட் பண்றவரு, மொதல்ல உங்க ஷெட்ட டெஸ்ட் பண்ணுங்க" என்றான்.

அன்று வீட்டுக்கு வந்து தாத்தாவின் கஞ்சிச் சொம்பை எடுத்தால் அழுகின முட்டைக்கோஸ் வாடை. அந்தப் பொடியின் வாடை எனக்குத் தெரியாதா. ஒவ்வொரு பொட்டலத்திலும் பாதியை எடுத்துவைத்துத் தன் கஞ்சியில் போட்டுக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கோழிக்கு வாங்கினதை மனுஷன் தின்பானா என்று கத்தினேன். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார், "கோழிக்கு சத ஏறுதுன்னு நீதானடா சொன்ன. எனக்கு ஏறாதா? பாப்பா வந்தா இந்த எலும்பப் பாத்து அழுவுதுடா." போன தடவை பஸ் ஏறும்போது, நான் திரும்பி வருவதற்குள் உடம்பைத் தேற்றி வை தாத்தா என்று சொல்லிவிட்டுப் போனாயாம். உன்மேல் குறை சொல்லவில்லை, நடந்ததை எழுதுகிறேன். நாகேஷிடம் போய் விஷயத்தைச் சொன்னேன், அவன் ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.

பொடியைப் பூட்டி வைத்துவிட்டேன். நேற்று தீவன மூட்டை நிறுக்கும் தராசில் தன்னை நிற்க வைக்கச் சொல்லிப் பிடிவாதம். தூக்கித்தான் நிறுத்தினேன். முள் போன மாதத்தைவிடக் கீழே நின்றது. அவர் கண்ணுக்கு இப்போது முள் தெரியாது, எவ்வளவு என்று கேட்டார். ஏறியிருக்கிறது என்றேன். அதற்கப்புறம் ஒரு சொம்புக் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

பரீட்சை முடியட்டும் என்று இருக்காதே, கடிதம் கிடைத்ததும் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பு. ரயிலில் யார் எது கொடுத்தாலும் தின்னாதே. பெங்களூரில் இறங்கியதும் பக்கத்து வீட்டு ஐடா டீச்சருக்கு போன் பண்ணு, பங்காருப்பேட்டை ஸ்டேஷனில் நான் நிற்பேன். கடவுள் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, வாசலில் நின்று அழாதே. தாத்தாவுக்குச் சதை வைத்திருக்கிறது என்று சொல். நானும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
தசரதன்